பச்சைக் கொடிக்குப் பிறகுதான் ஊதும்

நூற்பாலையில் ரிங் பிரேம் என்கிற நூல் நூற்கும் இயந்திரப் பகுதியில் முப்பத்தோரு வருடம் நின்றவன் நான். அங்கே வாயால் பேசுகிறவன் புது ஆள் என்று அர்த்தம். பழையவர்கள் உதட்டசைவிலும் கைச்சைகையிலும் கல்யாணப் பேச்சுவார்த்தையைக்கூட முடித்துவிடுவோம். காதில் பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வது வழக்கம். பஞ்சாலையில் பஞ்சுக்கா பஞ்சம்? அந்தப் பஞ்சு சத்தத்தைத் தடுக்காது, வெறும் மனத்திருப்திக்குத்தான் என்பது காது போன பிறகு டாக்டர் சொல்லித் தெரிந்தது. தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் வரம்பு என்று நம் நாட்டு விதி சொல்கிறது. எங்கள் காலத்தில் அதை யார் அளந்தார்கள்!

இப்படிப்பட்டவன் வீட்டில், குக்கர் விசிலுக்கே கட்டிலுக்கு அடியில் ஒளிகிற பேரன் பிறந்தான். என் மகள் வயிற்றுப் பிள்ளை. இப்போது ஏழு வயது. மிக்ஸி, பள்ளிக்கூட மணி, கோயிலில் திடீரென்று அடிக்கும் மேளம், பக்கத்து வீட்டுக்காரர் புல்லட் வண்டியை உதைக்கும் சத்தம் எல்லாவற்றுக்கும் இரண்டு கையும் காதுக்குப் போய்விடும். தீபாவளிக்கு நாங்கள் வெள்ளோட்டுப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய்விடுகிறோம். பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய அந்த ஊர்களில் பறவைகளுக்காக வெடி வெடிக்க மாட்டார்கள். பறவைக்குக் காட்டும் கருணையில் என் பேரனும் கொஞ்சம் ஒண்டிக்கொள்கிறான்.

அவனை ஊட்டிக்கு இரண்டு முறை கூட்டிப்போனோம். முதல் முறை நான் செய்தது முழுக்கத் தவறு. இரண்டாவது முறை முக்கால்வாசி சரி. இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு மலைக்குப் போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இரண்டையும் எழுதுகிறேன்.

முதல் பயணம் 2023 மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. கோடை விழா நேரம். இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்ததே முதல் தப்பு. மருமகன் கார் ஓட்டினார். மேட்டுப்பாளையம் தாண்டியதும் வண்டிகள் எறும்புச்சாரைபோல நின்றன. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஆரன். இறங்குகிற பஸ் அடித்தால் ஏறுகிற லாரி பதில் அடிக்கும். மலை ஏற ஏற எல்லோருக்கும் காது அடைத்தது. நாம் எச்சிலை விழுங்கினால் 'பொட்' என்று திறந்துகொள்ளும். அவனுக்கு அந்தப் 'பொட்' கூட ஒரு வெடி. சத்தம் தாங்கும் குடம் முக்கால் நிரம்பிய நிலையில்தான் அவன் மலைமேல் போய் இறங்கினான் என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

மலைமேல் ஒரு கேளிக்கைப் பூங்கா. பெயர் வேண்டாம். அது அங்கே மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. வாசலிலேயே ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு, ஆளுக்கு ஒரு பாட்டு. ராட்டினம் கிளம்பும்போது ஒரு சைரன், நிற்கும்போது ஒரு சைரன். டேஷிங் காரில் மோதுகிற சத்தம். துப்பாக்கியால் பலூன் சுடும் கடை வாசலுக்கு நேரே. பட், பட், கொஞ்சம் இடைவெளி, பட். எல்லாவற்றுக்கும் அனுமதி என்று ஒரே டிக்கெட், ஐந்து பேருக்கு எடுத்தாகிவிட்டது. கொடுத்த காசு நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. பேரன் காதைப் பொத்திக்கொண்டு என் வேட்டிக்குள் முகத்தைப் புதைத்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் கைகள் இரண்டையும் பிடித்துக் காதிலிருந்து விலக்கினேன். "ஒன்றும் ஆகாது சாமி, பழகினால் சரியாகிவிடும்" என்று சொன்னேன். முப்பத்தோரு வருடம் எனக்குப் பழகியதே, இவனுக்கு ஒரு நாளில் பழகாதா என்று நினைப்பு. எனக்குப் பழகவில்லை, காதே போய்விட்டது என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

கடைசி அடி கழிவறையில். கை கழுவிவிட்டுத் திரும்பியவனுக்கு நேர் பக்கத்தில், சுவரில் இருந்த கை உலர்த்தும் இயந்திரம் யாரோ கை நீட்டியதும் அலறியது. குழந்தைகளின் காது மட்டத்தில்தான் அதை மாட்டுகிறார்கள். ஓடு பதித்த நான்கு சுவருக்குள் அந்தச் சத்தம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். பிள்ளை ஈரத் தரையிலேயே படுத்துவிட்டான். அழுகை இல்லை, ஒரே கத்தல். தன் கத்தலால் அந்தச் சத்தத்தை மூடப் பார்த்தான் என்று இப்போது புரிகிறது. வேடிக்கை பார்த்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் நாலு போடு போடச் சொன்னார். ஒரு அம்மா மந்திரிக்கச் சொன்னார். என் மகள் யாருக்கும் பதில் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு காருக்கு நடந்தாள். கோயம்புத்தூர் வரும்வரை என்னோடு பேசவில்லை.

அதன் பிறகுதான் காது டாக்டரிடமும், கேட்புத்திறன் சோதிக்கும் நிபுணரிடமும் போனோம். சோதனையில் காது சுத்தம். நம்மைவிட அவனுக்கு அதிகமாகக் கேட்பதில்லை. கேட்பதைத் தாங்குகிற அளவுதான் குறைவு என்றார் அந்த நிபுணர் அம்மையார். இப்படியுள்ள பிள்ளைகளில் சிலருக்கு ஆட்டிசம் இருக்கும், சிலருக்கு இருக்காது. என் பேரனுக்கு எது என்பது அவன் சொந்த விஷயம், பெரியவனான பிறகு அவன் விரும்பினால் சொல்லிக்கொள்ளட்டும்.

அவர் விளக்கிய ஒன்று என் மண்டையில் பதிந்துவிட்டது. நடுக்காதில் அங்கவடி என்று ஓர் எலும்பு, உடம்பிலேயே சின்னது. அதைப் பிடித்திருக்கும் தசையும் உடம்பிலேயே சின்னது. பெரிய சத்தம் வந்தால் அந்தத் தசை இறுகி எலும்பை அடக்கிப் பிடிக்கும், காதுக்குள் ஒரு வாட்ச்மேன்போல. ஆனால் வாட்ச்மேன் எழுந்து வரக் கொஞ்சம் நேரமாகும், ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குபோல. பலூன் வெடிப்பது அதற்குள் முடிந்துவிடும். ஆகவே திடீர்ச் சத்தத்துக்குக் காவலே கிடையாது, யார் காதுக்கும். நமக்கு அது ஒரு திடுக்கிடல், அவ்வளவுதான். இவன் மாதிரிப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் வலியும், அடுத்தது எப்போது வருமோ என்ற பதைப்பும் சேர்ந்துகொள்கின்றன.

இதை முழுதாக நம்ப எனக்கு இன்னொரு அனுபவம் தேவைப்பட்டது. அதே வருடம் எனக்குக் காதுக் கருவி பொருத்தினார்கள். ஸ்விட்ச் போட்டதும் சின்னச் சின்னச் சத்தங்கள் திரும்பி வந்தன; மின்விசிறி ஓடுவது, என் சட்டை உரசுவது எல்லாம். சந்தோஷமாக வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். சமையலறையில் என் சம்சாரம் எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கீழே போட்டாள். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். ஊசியால் குத்தினதுபோல் இருந்தது. நரம்பு பழுதான காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, ஆனால் பெரிய சத்தம் முன்போலவே வலிக்கும். நடுவில் சௌகரியமாகக் கேட்கிற இடம்தான் குறுகிப்போகிறது என்று பிறகு சொன்னார்கள். தட்டு சுழன்று அடங்கும்வரை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றேன். பேரன் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் சிரிப்பும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

அன்று முதல் அவனுக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம். வீட்டில் எந்தச் சத்தம் எழுப்புவதானாலும் முதலில் சொல்ல வேண்டும். மிக்ஸி ஸ்விட்சை அவனே போடுவான். ஆச்சரியம் என்னவென்றால், தான் போட்டால் அதே மிக்ஸியைத் தாங்குகிறான். குக்கருக்கு எண்ணிக்கை: வெயிட் ஆட ஆரம்பித்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவோம். விசில் வரும்போது காதைப் பொத்தியிருப்பான், ஆனால் கட்டிலுக்கு அடியில் போகமாட்டான். சத்தத்தின் பெரிசைவிட, அது எப்போது வரும் என்று தெரியாததே அவனை உதைக்கிறது என்று எனக்குப் பிடிபட்டது. சிகிச்சைக்குப் போகும் இடத்திலும் அதையேதான் சொன்னார்கள். இவ்வளவு சுருக்கமாக இல்லை.

காதுமூடி வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்கிறார்கள். ஹெல்மெட்டும் கையுறையும் விற்கும் பாதுகாப்புச் சாதனக் கடையில் பெரியவர்களுக்கான இயர் மஃப் ஒன்றை முதலில் வாங்கினேன். அது பிள்ளையின் தலையை இடுக்கிபோல் கவ்வியது. பத்து நிமிடத்தில் கழற்றி எறிந்துவிட்டான். குழந்தைகளுக்கென்று சின்ன வளையத்தில் தனியாக இருக்கிறது, அதைத்தான் வாங்க வேண்டும். கண்ணாடி போடும் பிள்ளையானால் கண்ணாடிக் காம்பின் வழியாகச் சத்தம் நுழையும், போட்டுப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, நாள் முழுக்க மாட்டிவிடக் கூடாது. எந்நேரமும் மூடிய காது இன்னும் கூசத் தொடங்கிவிடும் என்று நிபுணர் எச்சரித்தார். கழுத்தில் தொங்கட்டும்; தேவையான நேரத்தில் அவனே ஏற்றிக்கொள்ளட்டும். கழுத்தில் அது இருக்கிறது என்ற நினைப்பே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

இரண்டாவது பயணம் 2025 பிப்ரவரி. திங்கள், செவ்வாய், புதன் என்று பள்ளிக்கு மூன்று நாள் விடுப்பு. மலையில் காலையில் உறைபனி, கூட்டம் இல்லை, ஆரன் இல்லை. முடிந்தவரை மே மாதத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் தவிருங்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் உயர் நீதிமன்றம் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தது. அந்த இரண்டாயிரம் வண்டி வித்தியாசத்தை ஆரன் கணக்கில் பெருக்கிப் பார்த்தால் செவ்வாய்க்கிழமையின் அருமை தெரியும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் தடை. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோக வேண்டும். பழகிய பாட்டிலில் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு அதுவும் நல்லதுதான். பையில் கைதுடைக்கத் துண்டு ஒன்று, காது அடைக்கும்போது மெல்வதற்குக் கடலை மிட்டாய்.

இந்த முறை காரில் ஏறவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில். விசில் அடிக்கிற நீராவி எஞ்சினில் இந்தப் பிள்ளையையா என்று மருமகன் கேட்டார். எனக்கும் உள்ளூர உதறல்தான். ஆனால் ஒரு மாதமாகவே அவன் அந்த ரயிலைச் செல்போனில் பார்த்து வருகிறான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் அவன் விரலில். முதலில் ஊமைப் படமாகப் பார்த்தான். கடைசி வாரத்தில் பாதிச் சத்தத்துக்கு வந்திருந்தான்.

காலை ஏழு பத்துக்கு வண்டி. அரை மணி முன்னதாகவே போய்விட்டோம். ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று வண்டியைத் தள்ளும். ஆகவே முன் பெட்டியில் இடம் கிடைத்தால் விசிலும் நீராவிச் சீறலும் நாலு பெட்டி தள்ளித்தான் கேட்கும். இதற்காகவே முதல் வகுப்பு எடுத்தேன். என் ஆயுளில் முதல் முறை. ஏறுவதற்கு முன்னால் அவனை எஞ்சின் பக்கம் கூட்டிப்போனேன், தூரத்தில் நிறுத்தி. காதுமூடி மாட்டியிருந்தான். எஞ்சின் மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. "எப்போது ஊதும், அப்புச்சி?" என்றான். பக்கத்தில் நின்ற ரயில்வே ஊழியர் ஒருவரிடம் கேட்கச் சொன்னேன். அவர் குனிந்து, "கார்டு பச்சைக் கொடி காட்டுவார், தம்பி. அதற்குப் பிறகுதான் ஊதுவோம். கொடி இல்லாமல் கிளம்ப மாட்டோம்" என்றார். அவ்வளவுதான். பிள்ளைக்குச் சட்டம் கிடைத்துவிட்டது.

கொடி அசைந்தது. இரண்டு கையாலும் மூடியை அழுத்திக்கொண்டான். ஊதியது. கண்ணை இறுக்கி மூடியிருந்தவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தான். "சொன்ன மாதிரியே" என்றான்.

கல்லாறில் பல்தண்டவாளம் ஆரம்பிக்கிறது. எஞ்சினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவில் இருக்கும் பல்வரிசையைப் பிடித்து ஏறும். பன்னிரண்டு அடி போனால் ஓரடி உயரம். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் போட்ட பாதை. 46 கிலோமீட்டரில் 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. அந்த இடத்திலிருந்து 'கடக் கடக்' என்று ஒரே தாளம். இந்தச் சத்தம் அவனைத் தொந்தரவே செய்யவில்லை. பெரிய சத்தம்தான், ஆனால் ஒரே சீர். மூடியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். மெதுவாக ஏறுவதால் காது அடைப்பும் காரில்போல் திடீரென்று வரவில்லை. கடலை மிட்டாயிலேயே சரியாயிற்று. காரில் ஒரு மணி நேரத்தில் ஏறும் உயரத்தை இது மூன்று மணிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. வேகமாகப் போவதற்குத்தான் காசு என்று நினைத்திருந்தேன், மெதுவாகப் போவதற்கும் கொடுக்கலாம்போல.

ஆனால் எனக்குத் தெரியாத ஒன்று குகைகளில் காத்திருந்தது. எஞ்சின் இல்லை, மனிதர்கள். குகைக்குள் வண்டி நுழைந்ததும் இருட்டில் எல்லாப் பெட்டிகளிலிருந்தும் "ஓ" என்று ஒரே கூச்சல். காலங்காலமாக அப்படித்தானாம். எந்தச் செல்போன் படத்திலும் இதைக் கவனிக்கவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். முதல் குகையில் பேரன் என் மடியில் சுருண்டுவிட்டான். போச்சு, பாதியில் இறங்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். வெளிச்சம் வந்ததும் கேட்டான், "இன்னும் எத்தனை குகை?" வழி முழுக்க மொத்தம் பதினாறு என்று படித்தது ஞாபகம் இருந்தது, சொன்னேன். சட்டைப்பையிலிருந்து பேனாவை வாங்கி உள்ளங்கையில் ஒரு கோடு போட்டான். அடுத்த குகை வரும் முன் வெளியே எட்டிப் பார்த்து, பாறையில் கறுப்பு வாய் தெரிந்ததும் மூடியை ஏற்றினான். உள்ளே போனதும் அவனும் கத்தினான்! தன் சத்தம் தனக்கு வலிக்காது என்பது அவன் கண்டுபிடிப்பு. ஒவ்வொரு குகைக்கும் ஒரு கோடு. குகைக்கு முன்னால் இரண்டு முறை கொடி இல்லாமலே எஞ்சின் ஊதிவிட்டது. அப்போது மட்டும் முகம் சுருங்கி, "கொடி காட்டவில்லையே" என்று என்னிடம் கோபித்துக்கொண்டான். நான்தான் ரயில்வே மந்திரி என்பதுபோல.

ஹில்குரோவில் வண்டி தண்ணீர் பிடிக்க நின்றது. நீராவி சீறும் என்று முன்கூட்டியே சொல்லி, பிளாட்பாரத்தின் மறுகோடிக்குக் கூட்டிப்போய்க் குரங்குகளைக் காட்டினேன். இந்த மாதிரி நிற்குமிடங்களில் கூட்டம் எஞ்சினைச் சுற்றி மொய்க்கும். எதிர்த்திசையில் நடந்தால் போதும்.

குன்னூரில் இறங்கிவிட்டோம். வண்டி ஊட்டிவரை போகும், நாங்கள் போகவில்லை. மூன்று மணி நேரத்துக்குமேல் தாங்கியவனை இன்னும் இழுக்க வேண்டாம் என்று மகள் முன்பே முடிவு செய்திருந்தாள். அன்று மத்தியானம் சிம்ஸ் பூங்கா. 1874இல் அமைத்த பழைய தோட்டம். சரிவில் இறங்கிக்கொண்டே போனால் சாலைச் சத்தம் மேலேயே நின்றுவிடுகிறது. ஒரு மரத்தடியில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். குடத்தை இறக்கிவைக்கும் நேரம் அது. ஒரே நாளில் நாலு இடம் பார்க்கிறவர்களுக்கு இது வீண்போல் தோன்றும். எங்கள் பயணத்தைக் காப்பாற்றியது அந்த இரண்டு மணி நேரம்தான் என்பேன். இரவு குன்னூரில் உறவினர் வீடு.

செவ்வாய் காலை அதே கேளிக்கைப் பூங்கா. எதற்கு அதே இடம் என்று சம்சாரம் கேட்டாள். பேரன்தான் கேட்டான், அங்கே குதிரை ராட்டினம் இருந்தது, முதல் முறை அதில் ஏறவே இல்லையாம். திறக்கும் நேரத்துக்குப் போய் நின்றோம். ஒரே டிக்கெட் வேண்டாம், உள்ளே நுழைய மட்டும் என்று கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனியாகக் காசு கொடுத்தால் மொத்தத்தில் கூடுதல்தான். ஆனால் நினைத்த நேரத்தில் மனது கனக்காமல் வெளியே வரலாம்.

மகளை முதலில் தனியாக உள்ளே அனுப்பினோம். ஸ்பீக்கர் எங்கெங்கே, பலூன் கடை இன்னும் இருக்கிறதா, கழிவறையில் அந்த இயந்திரம் எந்தச் சுவரில் என்று பார்த்து வந்தாள். பலூன் கடை இருந்தது. வலப்பக்கம் சுற்றிக்கொண்டு போனால் தள்ளிப் போகலாம். கழிவறையில் உலர்த்தும் இயந்திரத்தின் ஸ்விட்சைச் சுத்தம் செய்யும் பெண்மணி தானே அணைத்துவிட்டார். "அணைத்துவிட்டேன் கண்ணு, நீ போ" என்று பேரனுக்குக் காட்டியும் வைத்தார். துண்டு எங்கள் பையில்.

ராட்டினக்காரரிடம் நான் பேசினேன். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் முறை எல்லோரிடமும் "பையன் சத்தத்துக்குப் பயப்படுவான்" என்று சொல்லி வந்தோம். பயம் என்று சொன்னால் நம் ஆட்கள் பயம் தெளியவைக்கக் கிளம்பிவிடுவார்கள். காதுக்குப் பக்கத்தில் கை தட்டுவார்கள், சிரிக்கவைக்கிறேன் என்று பீப்பி ஊதுவார்கள். இந்த முறை, "பெரிய சத்தம் கேட்டால் இவனுக்குக் காது வலிக்கும்" என்றேன். வலி என்ற சொல்லுக்கு உடனே இரங்கிவிட்டார். "சைரன் போடவில்லை ஐயா" என்றார். நான் இன்னொன்று கேட்டேன்: "போடுங்கள், ஆனால் இவன் பொத்தானை அழுத்தட்டும்." அவர் சிரித்துக்கொண்டே சிறுவனைத் தூக்கி, சிவப்புப் பொத்தானைக் காட்டினார். பேரன் மூடியைச் சரி பார்த்தான், மூச்சை இழுத்தான், அழுத்தினான். ஒரு வினாடிதான், உடனே கையை எடுத்துவிட்டான். ஆனால் அது அவன் எழுப்பிய சைரன். வெள்ளைக் குதிரையில் ஏறி மூன்று சுற்று வந்தான். அடுத்த முறைக்கும் அவனே அழுத்தினான், இரண்டு வினாடி.

அதற்குள் மூன்று பள்ளிச் சுற்றுலா பஸ்கள் வந்து நின்றன. வாசலில் ஸ்பீக்கர் ஒலி ஏறியது. பேரன் ஒன்றும் சொல்லவில்லை. கையைக் காதுமூடிமேல் வைத்து அழுத்த ஆரம்பித்தான். கால்விரல்கள் செருப்புக்குள் சுருங்கின. இதுதான் அவனுடைய முதல் அறிகுறி, அழுகை கடைசி. ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் அறிகுறி ஒன்று இருக்கும். வீட்டிலேயே கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பலாம் என்றாள் மகள். உள்ளே போய் நாற்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. மருமகன், "படகும் மிச்சம், கொலம்பஸும் மிச்சம்" என்று இழுத்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் இருந்த இடத்தில் அவர் நின்றிருந்தார். பாவம், விடுப்பு எடுத்து, செலவு செய்து வந்த மனிதர். ஒன்றும் சொல்லாமல் அவர் பங்குக்கு ஒரு மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். தாவரவியல் பூங்காவின் மேல் புல்தரையில் உட்கார்ந்து தின்றோம். அங்கே வைத்திருக்கும் கல்லாய்ப்போன அடிமரம் இரண்டு கோடி வருடத்துக்கு முந்தையது என்று மகள் படித்துச் சொன்னாள். பேரன் அதன்மேல் காது வைத்துப் பார்த்தான்.

புதன்கிழமை கீழே இறங்கியது அரசுப் பஸ்ஸில். அது அவ்வளவு சரியாக அமையவில்லை. பிரேக் காற்றுச் சீறல் எங்கள் ஜன்னலுக்கு அடியிலேயே. பர்லியார்வரை தாங்கினான், பிறகு அழுதான். அடுத்த முறை பஸ்ஸின் நடுவில் உட்கார வேண்டும், சக்கரத்துக்கு மேல் கூடாது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் உள்ளங்கையைக் கழுவவே விடவில்லை. கோடுகளை எண்ணிவிட்டு என்னிடம் வந்தான். பதினாறு இல்லை, கணக்கு உதைக்கிறது என்றான். நான் பொய் சொன்னதாகவே முடிவு கட்டிவிட்டான். நாம் குன்னூரிலேயே இறங்கிவிட்டோம் சாமி, மிச்சக் குகை ஊட்டிப் பாதையில் இருக்கும் என்று விளக்கினேன். நம்பவில்லை. பார்த்துத்தான் நம்புவானாம். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு அடுத்த மாதம் ஒரு புதன்கிழமைக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். காத்திருப்போர் பட்டியலில் பதினான்காவது இடம்.